சாட்சியங்களின் படிநிலை: பைல் நாட்டிலிருந்து சில குறிப்புகள்

"பத்துப் பேருக்குக் குடுத்தன் தம்பி. ஒம்பது பேரு எந்திரிச்சு நடக்கறாங்க. ஒருத்தன் பத்தியம் காக்கல."

கொல்லிமலை பைல் நாட்டில், சாலையோரம் சாக்கு விரித்து முடவாட்டுக்கால் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சொன்னது இது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைச்சுற்றல் எனக்கு இன்னும் அடங்கியிருக்கவில்லை. மூட்டுவலிக்கு ஆகும் என்று இந்தக் கிழங்கை வாங்காமல் மலை இறங்குகிறவர்கள் குறைவு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகைச் செடி. பழுப்பு ரோமம் மூடிய அதன் தண்டு ஆட்டுக்கால் போலவே இருக்கும். ஆட்டுக்கால் கிழங்கு என்றும் பெயர் உண்டு. சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள். உருவம் எதை ஒத்திருக்கிறதோ அதற்கு அது மருந்து என்கிற இந்தத் தர்க்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. வால்நட் பருப்பு மூளை போலிருப்பதால் மூளைக்கு நல்லது என்று ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாவின் மூன்று வாக்கியங்களை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம். முதல் வாக்கியம் ஒரு மொத்த எண்ணைத் தருகிறது: பத்து. இரண்டாவது ஒரு விளைவைத் தருகிறது: ஒன்பது. மூன்றாவதுதான் சுவாரசியமானது. தோற்றுப்போன அந்த ஒரு சாட்சியத்தை அது கணக்கிலிருந்து வெளியேற்றுகிறது. மருந்து தோற்கவில்லை, ஆள்தான் தோற்றான். (இதைப் படித்துச் சிரிக்கிற ஆங்கில மருத்துவர்கள், நோயாளி மாத்திரையை 'ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று தாங்கள் எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.) பிரதியில் இல்லாமல் போனது ஒன்று உண்டு. கிழங்கு சாப்பிடாத பத்துப் பேர் என்ன ஆனார்கள்? மூட்டுவலி வரும், போகும். அதிகமாக வலிக்கும்போதுதான் ஆள் மருந்து தேடி மலை ஏறுகிறான். அதற்கப்புறம் எது நடந்தாலும் பெரும்பாலும் வலி குறைவதாகத்தான் இருக்கும்.

இந்த 'இல்லாத பத்துப் பே'ரைப் பற்றியதுதான் இருபதாம் நூற்றாண்டு மருத்துவ ஆராய்ச்சியின் வரலாறு என்றுகூடச் சொல்லலாம். சாட்சியங்களைத் தரம் பிரித்து, 'இந்தச் சிபாரிசுக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் இவ்வளவு வலுவானது' என்று முத்திரை குத்தும் முறை அங்கிருந்துதான் வருகிறது. இந்த முறையின் கதையை கனடாவில் தொடங்கி ஜெனீவாவில் முடிப்பது வழக்கம். நான் அதைச் சென்னை வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன். காரணம் கடைசியில் விளங்கும்.

தமிழ் படித்தவனுக்கு இந்த விவகாரம் அந்நியமானதல்ல. நமக்கு 'அளவை' என்ற சொல் இருக்கிறது. சிவஞான சித்தியார் தொடங்குவதே அளவையில்தான். காண்டல், கருதல், உரை என்று மூன்று, விரித்தால் பத்து. பத்தில் ஒன்று ஐதிகம்: இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரே வழிவழியாகச் சொல்லி வருவது. மணிமேகலையின் பௌத்தர்கள் இன்னும் கறாரானவர்கள். காட்சியும் கருத்தும் மட்டுமே அளவை, மற்றதெல்லாம் இவற்றுக்குள் அடங்கும் என்று கத்தரித்துவிடுகிறார்கள். ஆகமத்தின் வாக்கு ஆதாரமா இல்லையா என்பது ஆயிரம் வருஷத்துச் சண்டை.

1979இல் கனடாவில் ஒரு பணிக்குழு இதே சண்டையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது. உடல்நலத்தோடு இருப்பவர்களுக்குக் கால இடைவெளியில் எந்தெந்தப் பரிசோதனை செய்யலாம் என்று முடிவெடுக்கக் கூடிய குழு அது. ஒவ்வொரு சிபாரிசுக்கும் பின்னால் இருக்கும் சாட்சியத்தை அது வரிசைப்படுத்தியது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களை இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனைக்கு முதலிடம். நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளுக்கு அடுத்த இடம். கடைசிப் படியில் 'மதிப்புக்குரிய வல்லுநர்களின் கருத்து'. அதாவது உரை அளவை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பேராசிரியர்கள் வாக்கையே வேதமாகக் கொண்டிருந்த ஒரு தொழிலுக்குள்ளிருந்து இப்படி எழுதியது சாதாரண விஷயமல்ல. 1990களில் 'ஆதாரம் சார்ந்த மருத்துவம்' என்று அதே நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து கார்டன் கய்யாட் முதலியோர் கொடி பிடித்ததும், 1993இல் காக்ரேன் அமைப்பு உருவானதும், 2000இல் 'கிரேடு' என்ற பெயரில் ஒரு சர்வதேசக் குழு கூடியதும் இதன் தொடர்ச்சி. 2007இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, உலக சுகாதார நிறுவனமே தன் சிபாரிசுகளைப் பெரும்பாலும் வல்லுநர் வாக்கை வைத்துத்தான் எழுதுகிறது என்று காட்டிய பிறகு, அந்த நிறுவனமும் கிரேடு முறைக்கு மாறியது.

கிரேடு செய்த முக்கியமான காரியம் பழைய ஏணியை உடைத்ததுதான். ஆய்வின் ஜாதியை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதே என்கிறது அது. குலுக்கல் சோதனையாகவே இருந்தாலும் நடத்தியதில் சார்பு இருந்தால், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஆய்வு செய்யப்பட்ட மனிதர்கள் வேறு, சிபாரிசு போய்ச் சேரும் மனிதர்கள் வேறு என்றால், ஆட்கள் போதாமல் முடிவு ஊசலாடினால், சாதகமான முடிவுகள் மட்டும் அச்சேறியிருந்தால் ஒரு படி இறக்கு. வெறும் கவனிப்பு ஆய்வாக இருந்தாலும் விளைவு மிகப் பெரிதாக இருந்தால் ஏற்று. நான்கு படிகள்: உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு. அதோடு இன்னொன்றையும் சேர்த்தது. சாட்சியத்தின் உறுதி வேறு, சிபாரிசின் வலு வேறு. சாட்சியம் உறுதியாக இருந்தும் 'அவரவர் விருப்பம்' என்று சிபாரிசு மெலிந்து போகலாம். சாட்சியம் பலவீனமாக இருந்தும், உயிர் போகிற நிலை என்றால், 'செய்தே ஆகவேண்டும்' என்று சொல்ல நேரலாம்.

சுவடி பதிப்பித்தவர்களுக்கு இது புரியும். பத்துச் சுவடியில் ஒரே பாடம் இருந்தாலும் பத்தும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்றால் சாட்சி ஒன்றுதான். தனியாகக் கிடைத்த ஒற்றைச் சுவடி சில நேரம் அந்தப் பத்தையும் விழுங்கிவிடும்.

இப்போது சென்னை. 1866இல் சென்னை மாகாணத்தில் ஒரு கமிஷன் போட்டார்கள். சின்கோனா மரப்பட்டையில் குயினைன் தவிர இன்னும் மூன்று சரக்கு உண்டு: குயினிடின், சின்கோனைன், சின்கோனிடின். குயினைன் விலை அதிகம். மலிவான மற்ற மூன்றும் மலேரியாக் காய்ச்சலுக்கு வேலை செய்யுமா? 2,472 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தோற்றவர்கள் ஆயிரத்துக்கு ஆறிலிருந்து இருபத்து மூன்றுக்குள்தான். மலிவுச் சரக்கும் போதும் என்று ஆயிற்று. காய்ச்சலால் கொல்லும் மலை என்பதால்தான் கொல்லி என்று பெயர் வந்தது என்று சொல்வோர் உண்டு. அந்த மலையின் கதைக்குள் இந்தக் கமிஷனும் எங்கோ வருகிறது. இப்போதைக்கு அந்தக் கேள்வியின் வடிவத்தை மட்டும் மனசில் வையுங்கள்: ஏழைக்கு எது போதும்?

தொண்ணூறு வருஷம் கழித்து அதே கேள்வி வேறு உடையில் வந்தது. 1948இல் பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை முடிவு வெளியானது. நூற்றேழு காசநோயாளிகளை, பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த முறைப்படி, ஒட்டிய உறைக்குள் வைத்த சமவாய்ப்பு எண்களைக் கொண்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தும் படுக்கையும், இன்னொன்றுக்குப் படுக்கை மட்டும். எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. அமெரிக்காவிலிருந்து வாங்கப் போருக்குப் பிந்திய பிரிட்டனிடம் டாலர் இல்லை. பற்றாக்குறைதான் அந்தச் சோதனையை நியாயமாக்கியது. சென்னையில் பற்றாக்குறை வேறு மாதிரி. இங்கே காசநோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் சில ஆயிரம். சானடோரியம் என்றால் ஓய்வு, காற்று, முட்டை, பால். அன்றைய மருத்துவ நம்பிக்கையில் இவையே பாதி சிகிச்சை. ஏழைக்கு இவை கிடைக்காது. அப்படியானால் வீட்டிலேயே, சேரியிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா?

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூட்டாக நடத்திய மையம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்று வந்தார். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கலில் ஒரு பாதி வீட்டுக்கு, மறு பாதி சானடோரியத்துக்கு. இரண்டு பக்கமும் அதே மருந்து: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஓராண்டு. 1959இல் முடிவு வெளியானது. கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றியதா என்று ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, இது உலகை மாற்றிய ஆய்வு. மேற்கிலும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சேத்துப்பட்டுக்குப் பங்கு உண்டு. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, கூலியை இழந்து, ஊர் ஒதுக்கிவைத்த ஒரு கட்டிடத்தில் கிடக்கவேண்டிய கட்டாயத்திலிருந்து கோடிக்கணக்கான மனிதர்களை அது விடுவித்தது. சானடோரியம் என்பது மருத்துவமனை மட்டுமல்ல, அடைத்துவைக்கும் நிறுவனமும்கூட என்பதை ஃபூக்கோ வாசித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நிறுவனத்தை வீழ்த்தியது ஒரு தத்துவ விமர்சனம் அல்ல, ஒரு குலுக்கல் சோதனை. 'மருத்துவ அறிவியல் என்றாலே அதிகாரச் சொல்லாடல்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடும் நம் நண்பர்கள் (நானும் எழுதியிருக்கிறேன்) இதை எங்கே வைப்பார்கள்?

ஆனால் அந்த ஆய்வு எப்படி வாசிக்கப்பட்டது என்பது வேறு கதை. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதிக எடை போட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், நெருக்கடியில் வாழ்ந்தார்கள், வேலைக்கும் போனார்கள். இருந்தும் குணமானார்கள். 1961இல் உணவின் பங்கு பற்றியே தனிக் கட்டுரை ஒன்று மையத்திலிருந்து வந்தது: சக்தி வாய்ந்த மருந்து இருக்கும்போது நோய் ஆற உணவு தீர்மானகரமானது அல்ல. அந்தக் கட்டுரை அளவில் இது சரியான வாக்கியம். ஆனால் வாக்கியங்கள் பயணம் செய்யும்போது நிபந்தனைகளை வழியில் உதிர்த்துவிடுகின்றன. 'சக்தி வாய்ந்த மருந்து இருக்கும்போது' உதிர்ந்தது. 'நோய் ஆற' என்பதும் உதிர்ந்தது. 'டி.பி.க்குச் சாப்பாடு முக்கியமில்லை' என்பது மட்டும் மிஞ்சியது. 1962இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தபோது மருந்து வீட்டுக்கு வந்தது. சானடோரியத்துச் சாப்பாடு கூட வரவில்லை.

கிரேடு அளவுகோலை இப்போது அந்த ஆய்வின் மேல் வைத்துப் பார்ப்போம். குலுக்கல் ஒழுங்கு. மருந்து ஒன்று. பின்தொடர்தல் அபாரம்: வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்துச் சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். 193 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, 86க்கும் 92க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா உண்மையா என்று அந்த எண்ணிக்கையால் தீர்த்துச் சொல்ல முடியாது. ஒரு படி இறக்கலாம். அந்த மாதிரி மாத்திரை எண்ண ஆளில்லாத ஓர் ஊருக்கு இந்த முடிவு பொருந்துமா என்று கேட்டு இன்னொரு படி இறக்கலாம். ஆனால் 'உணவு' என்ற கேள்விக்கு இந்த ஆய்வை வைத்து என்ன மதிப்பெண் போடுவது? அந்தக் கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. குலுக்கிப் போட்டது இடத்தை, உணவை அல்ல. அளந்தது சளியில் கிருமி இருக்கிறதா என்பதை. பக்கத்தில் பசியோடு படுத்திருக்கும் குழந்தைக்கு நோய் வருமா என்பதைப் பசியின் கோணத்திலிருந்து யாரும் அளக்கவில்லை.

மூன்றாவது கதை பி.சி.ஜி. தடுப்பூசி. இதில் அரசியல் வெளிப்படையாகவே இருக்கிறது. 1948இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் நாடு முழுக்க ஊசி போடும் இயக்கத்தை நடத்துகிறார். எதிர்த்தவர் யார்? ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய மறு வருஷம், 1955இல், பி.சி.ஜி.யை நான் ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே போட்டார். ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைக் கூட்டம் கூட்டமாக ஏற்றலாமா என்பது அவர் வாதம். குலக்கல்வித் திட்டக்காரர் சொன்னார் என்பதற்காகவே அதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அன்று இரண்டு தரப்பின் கையிலும் என்ன இருந்தது? அரசின் கையில் ஐரோப்பிய வல்லுநர்களின் வாக்கு. ராஜாஜியின் கையில் தடுப்பூசி எதிர்ப்பாளர்களின் வாக்கு. இரண்டுமே உரை அளவை. பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனை பி.சி.ஜி. நல்ல பாதுகாப்புத் தருகிறது என்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த சோதனை அநேகமாக இல்லை என்றது. செங்கல்பட்டு மாவட்டத்துக் குழந்தைக்கு இதில் எது பொருந்தும்?

1968இல் அந்த மாவட்டத்திலேயே தொடங்கினார்கள். இன்றைய திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தடுப்பூசி வரலாற்றின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று. முதல் முடிவு வெளியான வருஷம் 1979. கனடாக் குழு ஏணி கட்டிய அதே வருஷம் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். முடிவு: நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பாதுகாப்பு ஏதும் தென்படவில்லை. 15 வருஷப் பின்தொடர்தலும் பெரியவர்களைப் பொறுத்தவரை இதையே சொன்னது.

ராஜாஜி ஜெயித்துவிட்டாரா? இல்லை. ஆபத்து என்றார் அவர். சோதனை காட்டியது ஆபத்தை அல்ல, பயனின்மையை. அதுவும் ஒரு குறிப்பிட்ட நோய்வடிவத்துக்கு. குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோய், உடம்பெங்கும் பரவும் காசநோய் ஆகியவற்றிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். சரியாகத்தான் போடுகிறோம். ஆனால் நம் தோளில் இருக்கும் அந்தத் தழும்பு எதற்கு என்று நூறு பேரைக் கேளுங்கள். 'டி.பி. வராம இருக்க' என்பார்கள். திருவள்ளூர்க் கிராமத்து ஜனங்கள் தங்கள் கையை நீட்டிக் கொடுத்த பதில் அவர்களிடமே திரும்பிப் போய்ச் சேரவில்லை.

சிபாரிசின் வலுவும் சாட்சியத்தின் உறுதியும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கலாம் என்பதற்கு 2017 ஓர் உதாரணம். இந்தியாவில் காசநோய் மாத்திரையை வாரம் மூன்று நாள், சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வைத்தார்கள். விட்டு விட்டுக் கொடுக்கலாம் என்ற யோசனைக்கு 1960களில் சேத்துப்பட்டு நடத்திய ஆய்வுகளே ஒரு வேர். 2017 ஜனவரியில், பொதுநல வழக்கு ஒன்றில், தினசரி முறைக்கு மாற ஒன்பது மாத அவகாசம் என்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனமும் வாரம் மூன்று முறை வேண்டாம், தினசரியே கொடு என்றது. அந்தச் சிபாரிசின் அருகில் போட்டிருந்த முத்திரை: நிபந்தனைக்கு உட்பட்டது, சாட்சியத்தின் உறுதி மிகத் தாழ்வு. தவறான சிபாரிசு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மலையில் இருக்கும் நோயாளிக்கு வாரம் மூன்று முறை நடந்து போய் இன்னொருவர் கண்ணெதிரே விழுங்குவதும், வீட்டில் தினம் தானே எடுத்துச் சாப்பிடுவதும் வேறு வேறு வாழ்க்கை. அவருக்கு எது வேண்டும் என்பதும் ஒரு சாட்சியம்தானே? 'நோயாளியின் மதிப்பீடுகளும் விருப்பங்களும்' என்று கிரேடு படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே உண்டு. பெரும்பாலும் அதை நிரப்புகிறவர்கள் கூட்ட அறையில் இருப்பவர்கள்.

2020 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச்சில் டெல்லியிலிருந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சிபாரிசு செய்தது. ஏப்ரலில் சென்னையிலிருந்து தமிழக அரசு 'ஆரோக்கியம்' திட்டத்தில் கபசுரக் குடிநீர் விநியோகித்தது. ஒன்று பதினைந்து சரக்கு சேர்ந்த கஷாயம், பழைய நூலின் வாக்கை நம்பியது. இன்னொன்று மாத்திரை, ஆய்வுக்கூடக் குப்பியில் நடந்ததை நம்பியது. அன்றைய தேதியில் ஏணியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே படியில்தான் நின்றன. படித்தவர்கள் கஷாயத்தைக் கேலி செய்துகொண்டே மருந்துக்கடையில் மாத்திரைக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு வருஷத்துக்குள் மாத்திரை முறையாகச் சோதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தடுப்புக்கு அதைப் பயன்படுத்தாதே என்று வலுவாக, உயர்ந்த உறுதியுள்ள சாட்சியத்தோடு சொன்னது. கபசுரக் குடிநீருக்குச் சிறிய சோதனைகள் சில நடந்தன. அந்த அளவுக்குப் பெரிய சோதனை நடக்கவில்லை. இதில் யாருக்கு அவமானம்? சித்த மருத்துவம் நம்முடையது, அதைச் சோதிப்பதே அவமதிப்பு என்று பேசுகிறவர்கள் அதைக் கேள்வி கேட்கத் தகுதியற்ற ஒன்றாக்கி மூலையில் உட்கார வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். கோரக்கர் குகையைக் காட்டி மூலிகை விற்கிற மலையிலும் இதே பேச்சைக் கேட்கலாம்.

உணவுக்குத் திரும்புகிறேன். 2019இலிருந்து 2022வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஒரு சோதனை நடந்தது. 'ரேஷன்ஸ்' என்று பெயர். சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொட்டலம். குலுக்கலில் விழுந்த வீடுகளில் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரை. அனுராக் பார்கவா முதலியோர் 2023இல் லான்செட்டில் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. கிருமி உறுதிப்பட்ட காசநோய் மட்டும் என்றால் 48 சதவீதம் குறைவு. செங்கல்பட்டில் ஊசி தராத பாதுகாப்பை ஜார்க்கண்டில் பருப்பு தந்திருக்கிறது. 1959க்கும் 2023க்கும் நடுவே அறுபத்து நான்கு வருஷம். இடையில் 2018இலிருந்து காசநோயாளிக்கு மாதம் ஐந்நூறு ரூபாய், 2024 நவம்பரிலிருந்து ஆயிரம் ரூபாய் என்று வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். நோயாளிக்கு மட்டும்.

இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வேறு வேறு கேள்விக்கு வேறு வேறு பதில். தரம் பிரிக்கும் முறையிடம் என் பிணக்கும் இங்கேதான். பதிலுக்கு மதிப்பெண் போடுவதில் அது கெட்டிக்காரத்தனமானது, நேர்மையானதும்கூட. கேள்விக்கு மதிப்பெண் போட அதனிடம் கட்டம் இல்லை. 1866இல் 'மலிவான சரக்கு போதுமா', 1956இல் 'படுக்கை இல்லாமல் முடியுமா', 1968இல் 'ஓர் ஊசியில் தீருமா'. மூன்றும் நியாயமான கேள்விகள், மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் தேடினார்கள். மூன்றும் ஏழைக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்ற திசையிலேயே நிற்கின்றன. கூடுதலாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்க 2019 ஆக வேண்டியிருந்தது. காக்ரேன் அமைப்பு யார் பெயரால் இயங்குகிறதோ அந்த ஆர்ச்சி காக்ரேன், 1941இல் சலோனிகாவில் போர்க்கைதியாக இருந்தபோது தன் முதல் சோதனையைச் செய்தார். பசியால் கால் வீங்கிய இருபது கைதிகள். பாதிப் பேருக்கு ஈஸ்ட், பாதிப் பேருக்கு வைட்டமின் சி. ஈஸ்ட் சாப்பிட்டவர்களுக்கு வீக்கம் வற்றியதைக் காட்டி ஜெர்மானியர்களிடம் எல்லோருக்கும் ஈஸ்ட் வாங்கினார். பிற்காலத்தில் தன் சோதனைகளிலேயே மட்டமானது என்று அதைக் கிண்டல் செய்தார். கேள்வியைக் கேட்டவரும் அந்த முகாமில் பட்டினி கிடந்தவர் என்பதுதான் அதில் எனக்குப் படுகிற விசேஷம்.

பைல் நாட்டில் அந்த அம்மாவிடம் அரைக் கிலோ கிழங்கு வாங்கினேன். அதற்கு எந்தப் படி என்று கேட்டால், இன்றைய நிலையில் மிகத் தாழ்வு என்றுதான் சொல்வேன். ஆட்டுக்கால் ஆசைக்கு ஒரு சைவ சூப்பு, அவ்வளவே. நான் அவரிடம் கேட்டது வேறு. முன்னே என்ன சாப்பிட்டீர்கள், இப்போது என்ன? "சாமை, தெனை, ராகி. இப்ப எங்க தம்பி, கொல்ல பூராவும் மரவள்ளிதான். சேகோ பேக்டரிக்குப் போவுது. நாங்க கடை அரிசி." மலைச் சிறுதானியங்கள் போய் மரவள்ளி வந்த கதையை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்த மலையில் வருஷக்கணக்காகப் பதிவு செய்திருக்கிறார்கள். தராசைப் பிடித்தபடி அவர் கேட்டார்: "சாமை சோறு தின்னப்ப இந்த மூட்டுவலியெல்லாம் இல்லீங்களே, அது ஏன்?" இதுவும் ஒப்பிட ஆளில்லாத சாட்சியம்தான், அப்போது அவருக்கு வயதும் குறைவு. அதை நான் சொன்னேன். "அதுஞ் சரிதான்" என்று சிரித்துவிட்டு, எடைக்கு மேல் ஒரு துண்டு எடுத்துப் போட்டார்.